இருநூற்றுப் பன்னிரண்டு பறவைகள்

"இருநூற்றுப் பன்னிரண்டு பறவைகளையும் நேரில் பார்த்தது நீங்கள் மட்டும்தானா?"

மெயில் அவ்வளவுதான். கீழே, டாக்டர் பன்னீர்செல்வம், பறவை ஆய்வாளர்.

ஃப்ளோரன்ஸ் அதை மூன்று முறை படித்தாள்.

ஆரணியில் ஒரு பட்டுச் சேலை முதலாளியிடம் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவள் வேலை. முந்தானைக்குப் பறவை வேண்டுமென்றால், எந்தப் பறவையை எங்கே பார்த்தாலும் படத்தோடு பதியச் சொல்லி பறவை விஞ்ஞானிகள் நடத்தும் வெப்சைட்டைத் திறந்துவிடுவாள். இறகு மடிப்பு, வால் நீளம் எல்லாம் அதில் கிடைக்கும். போன மாதம், தான் எடுத்த கொண்டைக்குருவி போட்டோவுக்குக் கல்யாணப் பெண் கேட்டபடி மாம்பழ மஞ்சள் தலையும் மயில்கழுத்து நிற வாலும் கொடுத்தாள். மாதிரிச் சேலை நெய்து வந்த சனிக்கிழமை, இப்படி ஒன்று நிஜமாகவே உண்டா என்று பார்க்க அந்தப் படத்தை வெப்சைட்டில் ஏற்றினாள். எந்த ஊர் என்றது. ஆரணி என்று கடை முகவரியையே போட்டாள். எத்தனை என்றது. அவளுக்குத் தெரிந்த கணக்கு ஒரு சேலைக்கு எத்தனை என்பதுதான். எண்ணிப் பார்த்து 212 என்று போட்டாள்.

"ஹேமண்ணா, இங்க வாங்களேன், ஜல்தி!"

பக்கத்து மேசையில் தறிக்காரர்களுக்குப் பட்டு எடை போட்டுக்கொண்டிருந்த ஹேமநாத் எட்டிப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு இப்டி நடுங்கற? ஆமான்னு போடு, விட்டுடுவாங்க."

"பொய்யாச்சேண்ணா!"

"சேலையில நீ பாக்கலியா? அப்பறம் இன்னா?"

ஆமாம் என்று அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் பதில்: "எந்த மரத்தில் தங்குகின்றன? வேறு யாரிடமாவது சொன்னீர்களா?"

"போச்சுண்ணா. போலீஸ் வரும். முதலாளிக்குத் தெரிஞ்சா இன்னிக்கே என்ன அனுப்பிடுவாரு."

"பேஜார் பண்ணாத. 212ஐ அழிச்சிட்டு சைபர் போடு. மேட்டர் ஓவர்."

போட்டாள். ஓவர் ஆகவில்லை.

"ஒரே நாளில் அத்தனையும் செத்துவிட்டனவா? நோய் என்றால் ஊர்க் கோழிகளுக்கும் பரவும். யாரும் எதையும் தொட வேண்டாம்!"

ஹேமநாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அய்யய்யோ, மத்தியானம் சிக்கன் துன்னுட்டனே!"

"அந்தப் பறவையே இல்லண்ணா!"

"அதான் பயமா கீது. இல்லாத பறவைக்கு வந்த நோவுக்கு எங்க போயி ஊசி போடறது?"

அவனை நம்பிப் பயனில்லை. ஃப்ளோரன்ஸ் தானே எழுதினாள்: "சாகவில்லை. வந்தவாசி பக்கம் பறந்து போய்விட்டன."

மறுநாள் காலை முதலாளி கத்திக்கொண்டே உள்ளே வந்தார்.

"வந்தவாசி பஸ்ல பைனாகுலர் மாட்டிகினு ஆறு பேரு போறானுங்க! மஞ்சத்தலப் பறவையாம், நூத்துக்கணக்குல வந்துகீதாம். எவன் கெளப்பி வுட்டானோ, கைல மாட்டட்டும், தோல உரிக்கறேன்!"

ஃப்ளோரன்ஸ் மானிட்டருக்குப் பின்னால் தலையை இறக்கிக்கொண்டாள். ஹேமநாத் ஒரே பட்டு நூலை மூன்றாவது முறையாக எடை போட்டான்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. கண்ணாடி, தொப்பி, கக்கத்தில் தடித்த ஃபைல். கூட டிரைவர் ரஞ்சித்குமார்.

"ஃப்ளோரன்ஸ் யாரு? நான் பன்னீர்செல்வம்."

முதலாளி திரும்பி அவளைப் பார்த்தார். அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அலமாரியிலிருந்து மாதிரிச் சேலையை எடுத்து மேசைமேல் விரித்தாள். அரக்குப் பட்டில் மஞ்சள் தலைகள் வரிசை வரிசையாக எட்டிப் பார்த்தன.

"இதான் சார் அந்தப் பறவ. எண்ணிப் பாத்துக்கோங்க, சரியா இருநூத்திப் பன்னண்டு. நெஜத்துல ஒண்ணுகூட கெடையாது. தெரியாம போட்டுட்டேன் சார், என்ன உள்ள வச்சிடாதீங்க!"

டாக்டர் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி பார்த்தார். அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"தண்ணி," என்றார்.

ஹேமநாத் ஓடினான். முதலாளி ஃபேனை அவர் பக்கம் திருப்பினார். ஃப்ளோரன்ஸ் டிரைவரிடம் போய் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"சாருக்கு அவ்ளோ கோவமாண்ணா? கேஸு போட்டுடுவாரா?"

டிரைவர் ரஞ்சித்குமார் அவளை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கேஸா? நீங்க வேறக்கா! அந்தப் பறவைய மொதல்ல கண்டுபுடிச்சதே தான்தான்னு சாரு ஊரெல்லாம் லெட்டர் போட்டு, அதுக்கு வூட்டம்மா பேரையும் வச்சிட்டாரு."