வேலியில் தொங்கிய மெர்லிண்டா

படகுத்துறை டிக்கெட் கவுன்ட்டரில் விடியற்காலை நான்கு மணியிலிருந்து நின்று டிக்கெட் விற்றுவிட்டு, மதியம் வீட்டுத் தெருவில் திரும்பிய மெர்லிண்டா தன் முகத்தையே எதிரில் பார்த்துத் திடுக்கிட்டாள். வீட்டு வேலியில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர். அதில் அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். நிஜ மெர்லிண்டா அப்படிச் சிரித்து மூன்றரை வருஷம் ஆகியிருந்தது.

மூன்றரை வருஷமாக அவள் இணையப் பாதுகாப்புப் பட்டப்படிப்பை வீட்டிலிருந்தபடியே படித்துக்கொண்டிருந்தாள். சோறு பொங்கும்போது பாடம், பிள்ளைகள் இரண்டும் அடித்துக்கொள்ளும்போது பரீட்சை. எல்லாத் தாளும் தேறிவிட்டாள். பாக்கி ஒன்றே ஒன்று.

பல்கலைக்கழகம் அவள் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து வைத்திருந்தது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அது மூன்று கேள்வி கேட்கும்: பிறந்த தேதி, பிறந்த ஊர், சின்ன வயதுச் செல்லப் பெயர். பதில்களை அவளுடைய விண்ணப்பத்திலிருந்தே எடுத்துப் பூட்டிவிட்டார்கள், மாற்ற முடியாது. மணிலாவில் உட்கார்ந்திருக்கும் பரிசோதகர்கள், ஊரறியக் கிடக்கும் தகவல்களை மட்டும் வைத்து அந்தக் கதவைத் திறக்கப் பார்ப்பார்கள். பத்து நாள் திறக்காமல் இருந்தால் பட்டம். பட்டம் வந்தால், இலோயிலோ நகரத்தில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் காலை எட்டு மணி வேலை தயார். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. பிள்ளைகள் கண் விழிக்கும்போது அம்மா வீட்டில் இருப்பாள். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

ஃபேஸ்புக்கில் இருந்ததையெல்லாம் மறைத்தாள். பழைய பிறந்தநாள் வாழ்த்துகளை அழிக்கச் சொல்லிச் சித்தி பிள்ளைகளிடம் கெஞ்சினாள். புருஷன் டியோனியை உட்கார வைத்து, "யாரு கேட்டாலும் என்னைப் பத்தி உண்மையைச் சொல்லாத. வாய்க்கு வந்ததைச் சொல்லிவை" என்று பாடம் எடுத்தாள். டியோனி தலையாட்டினான். ட்ரைசைக்கிள் ஓட்டும் அவன் எதற்கும் தலையாட்டுவான். பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகச் சொன்னபோதும் தலையாட்டிவிட்டு, சேவல் சண்டைக்குச் சவாரி போனவன்.

இன்று எட்டாம் நாள். வேலியில் பேனர்!

எங்கள் பக்கத்தில் ஒருவர் படித்துத் தேறினால் வேலியில் பேனர் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் தோற்றுவிட்டார் என்று ஊரே முடிவுகட்டிவிடும். துணியை மிச்சம்பிடிக்க, வரப்போகிற பிறந்தநாளையும் அதிலேயே சேர்த்து அடித்துவிடுவார்கள். மெர்லிண்டா கிட்டே போய்ப் படித்தாள்.

"நவம்பர் 12-இல் பிறந்தநாள் காணும் பக்கோலோட் மண்ணின் மகள், எங்கள் 'பேபி'..."

அவள் பிறந்தது கூலாசியில். செல்லப் பெயர் நிங்னிங். பிறந்தநாள் நவம்பர் ஒன்று. அன்றைக்குச் செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்ற நாடே கல்லறையில் இருக்கும். பதினான்கு வருஷமாக அவளுடைய கேக்கை மாமனார் கல்லறை மேல் வைத்துத்தான் வெட்டுகிறார்கள். கூடவே நின்று மெழுகுவத்தி கொளுத்துகிற டியோனிக்கு அது கூடவா மறக்கும்?

எதிர்வீட்டுப் பெட்டிக்கடை குளோரி அக்கா ஏற்கெனவே வெளியே வந்துவிட்டாள்.

"ஏண்டி மெர்லி, யாருடி அந்த பேபி?"

"தப்பா அடிச்சிட்டாங்கக்கா."

"ஒண்ணு தப்பா இருக்கலாம். மூணுமா? உன் வீட்டுக்காரன் பக்கோலோட்ல ரெண்டு வருஷம் கரும்பு லாரி ஓட்டினான்ல?" என்று வேலியைப் பார்த்தபடி கேட்டாள் குளோரி.

டியோனி வண்டியை நிறுத்தி இறங்கும்போது தெருவில் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவன் பெருமையாகச் சிரித்தான். மெர்லிண்டா சிரிக்கவில்லை.

"யாரு அந்த பேபி?"

"உள்ள வா, சொல்றேன்."

"இங்கயே சொல்லு. தெருவே கேக்கட்டும்."

டியோனி பன்னிரண்டு பேரையும் ஒரு முறை பார்த்தான். "இங்க சொல்ல முடியாது மெர்லி" என்றான்.

போதாதா? தெருவுக்கு ஒரு மாதத்துக்குச் சோறு கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போய் அவன் வாயைத் திறக்கப் போன ஒவ்வொரு தடவையும், "பேசாத!" என்று அவள் அடைத்தாள். பிறகு வெளியே வந்து பேனரை அறுத்துப் போட்டாள்.

அது இன்னும் மோசமாயிற்று. அரை மணியில் குளோரி குரல் கொடுத்தாள்: "கழட்டிட்டியா? அப்போ விஷயம் நெசந்தான்." மீன் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் கதைக்குக் கால் முளைத்துவிட்டது. பேபிக்கு ஒரு பிள்ளையும் உண்டாம். மெர்லிண்டா பரீட்சையிலும் தோற்றுவிட்டாளாம். முதல் செய்தியைவிட இரண்டாவதுதான் அவளை அதிகம் சுட்டது.

மறுநாள் ஒரு தாளில் சரியான மூன்று தகவல்களையும் கொட்டை எழுத்தில் எழுதி டியோனியிடம் நீட்டினாள்.

"புதுசா அடிச்சிட்டு வா. போனதைவிடப் பெருசா."

டியோனி தாளை வாங்கவில்லை. "வேண்டாம் மெர்லி. இன்னும் ஒரே நாள். அது முடியட்டும்."

"ஒரு நாள்ல பேபி செத்துடுவாளா?"

"உன் பரீட்சை..."

"பேனர் கட்டும்போது தெரியலையா என் பரீட்சை?"

அவள் யோசிக்காமல் இல்லை. மூன்றரை வருஷப் படிப்பு உள்ளேயிருந்து ஒரு தடவை இருமியது. மணிலாக்காரன் கப்பலேறி வந்து எங்கள் வேலியையா பார்க்கப் போகிறான் என்று அதன் வாயையும் அடைத்துவிட்டுத் தானே பேனர் கடைக்குப் போனாள். கல்லாவில் இருந்த கிழவரிடம் தாளைக் கொடுத்து, பேனரை வாங்கிவந்து, ஏணி போட்டுக் கட்டினாள். குளோரி அக்கா வாயை மூடிக்கொண்டாள். மெர்லிண்டாவுக்கு அந்த ஒரு மணி நேரம் சொர்க்கமாக இருந்தது.

அடுத்த மணியில் பேட்டைத் தலைவி கபித்தானா வந்தார். பேனரைப் படம் பிடித்தார், பேட்டையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார். மெர்லிண்டா செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

"கபித்தானா, தயவுசெஞ்சு அதை எடுத்துடுங்க. எனக்கு ஆபத்து!"

"அடடா, என்ன அடக்கம்! எல்லாரும் பாருங்க, படிச்ச பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்றார் கபித்தானா. எடுக்கச் சொன்ன படத்தைப் பக்கத்தின் உச்சியில் குத்திவைத்தார். ஒலிபெருக்கியில் மூன்று தகவல்களையும் இரண்டு தடவை வாசித்தார்.

பத்தாம் நாள் அறிக்கை வந்தது. 'கதவு திறக்கப்பட்டது. ஆன நேரம்: நான்கு நிமிடம்.' கூடவே பேனரின் படம். மறு தேர்வு ஜூன் மாதம். காப்பீட்டுக் கம்பெனி ஜூன் வரை காத்திருக்காது.

மெர்லிண்டா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். சின்னவள் வந்து, "அம்மா, நாளைக்கும் நாலு மணிக்குப் போயிடுவியா?" என்று கேட்டாள்.

டியோனி வாசலில் நின்றான்.

"எல்லாம் உன்னாலதான். நீ அந்த முதல் பேனரைக் கட்டாம இருந்திருந்தா இவ்வளவும் வந்திருக்குமா?"

"வந்திருக்காது. என் தப்புதான் மெர்லி" என்றான் அவன். கட்டிய பேனர்களை மடித்து வண்டிக்குள் வைத்துக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டான். சண்டை போடக்கூட ஆளில்லாமல் அவள் கோபம் அப்படியே நின்றது.

அப்போதுதான் குளோரி அக்கா, கபித்தானா மூன்றாவதாக ஒரு பேனருக்குச் சொல்லிவைத்திருக்கும் சேதியைச் சொன்னாள். தேவாலயத்து முன்னால், இரண்டு மாடி உயரத்துக்கு! மெர்லிண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனர் கடைக்கு ஓடினாள். கிழவர் இல்லை. அச்சு இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து அவர் மகள் வில்மா எட்டிப் பார்த்தாள்.

"கபித்தானா சொன்ன பேனரை அடிக்காதம்மா. பட்டம் கிட்டம் ஒண்ணும் இல்ல. உங்க பேனரால நான் பட்டதே போதும். முதல் பேனர்ல பேரு, ஊரு, நாளு மூணையும் தப்பா அடிச்சீங்களே, அங்க ஆரம்பிச்சது சனியன்."

வில்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கடையின் மானம் அல்லவா!

"நாங்க ஒண்ணும் தப்பா அடிக்கலக்கா. உங்க வீட்டுக்காரர் நவம்பர் ஒண்ணு, கூலாசி, நிங்னிங்னு மூணையும் சரியாத்தான் எழுதிட்டு வந்தாரு. அப்புறம் இந்த பெஞ்சுல அரை மணி நேரம் உக்காந்து ஒவ்வொண்ணா அடிச்சு மாத்தினாரு, 'பேனரும் கட்டணும், அவ பரீட்சையும் கெடக் கூடாது, உண்மையைச் சொல்லாதன்னு வீட்ல சொல்லியிருக்கா'ன்னு."