பிளாஸ்க் அண்ணனும் எங்கள் மாத்திரைகளும்

சேலத்திலேயே உடம்பு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லப் பயந்த ஊழியர்கள் இருந்த ஒரே இடம், சூரமங்கலத்தில் எங்கள் லாரி புக்கிங் ஆபீஸ்தான். காரணம் முதலாளி இல்லை, பிளாஸ்க் அண்ணன்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மல்லசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் எவர்சில்வர் பிளாஸ்க். அதற்குள் அன்றைய பயங்கரம் இருக்கும். ஒருநாள் நிலவேம்பு, மறுநாள் ஆடாதோடை, அதற்கடுத்த நாள் பெயர் கேட்கவே தைரியம் வராத ஏதோ ஒன்று. அவர் தோட்டத்து வேலியில் ஆடு ஒதுக்கிவிட்டுப் போனதெல்லாம் எங்களுக்கு வருகிறது என்று டிரைவர்கள் சொல்வார்கள்.

யாராவது தும்மினால் போதும், மூடி திருகும் சத்தம் கேட்கும். இருமல் வந்தால் குடோனுக்குள் ஓடிப்போய், மூட்டைகளுக்கு நடுவே இருமிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வருவோம்.

ஆனால் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. தான் குடிக்காத எதையும் பிறருக்குக் கொடுக்க மாட்டார். முதலில் அரை டம்ளர் ஊற்றி நம் கண்முன்னே குடிப்பார். இளநீர் குடித்தவர் மாதிரி முகம் அப்படியே இருக்கும். பிறகுதான் நம் டம்ளர் நிறையும். அவருக்குக் கசந்த ஒரே பானம் காபி. அந்த வாசனை வந்தாலே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். கடைசியில் காபிக் கடைக்காரர் எங்கள் படியேறுவதையே விட்டுவிட்டார்.

நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் பக்கவிளைவுகள் என்று போட்டிருப்பதெல்லாம், படித்து முடிப்பதற்குள் எனக்கு வந்துவிடும். அண்ணன் ஊற்றும் சாற்றுக்கோ அந்தத் தாளும் கிடையாது. ஒவ்வொரு டம்ளருக்குப் பிறகும் கல்லீரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொள்வேன். ஒருமுறை ஆடாதோடையில் என் வறட்டு இருமல் நின்றது உண்மைதான். சாறு நிறுத்தியதா, இன்னொரு டம்ளர் வருமே என்ற பயம் நிறுத்தியதா, தெரியாது.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டிரைவர் செல்வத்தின் விவகாரம் நடந்தது. செல்வத்துக்குச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, வெறும் வயிற்றில் அண்ணனிடம் சிறுகுறிஞ்சான் சாறும் வாங்கிக் குடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சட்டையெல்லாம் வியர்வை. கைகால் நடுங்க லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் பிளாஸ்க்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். சர்க்கரைத் தண்ணீர் கரைத்துப் புகட்டி, ஆட்டோவில் தூக்கிப்போட்டு டாக்டரிடம் கொண்டுபோனோம். மாத்திரையும் சர்க்கரையைக் குறைக்கும், இலையும் குறைக்கும், இரண்டும் சேர்ந்தால் ஆள் என்ன ஆவான் என்று டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கினார். அண்ணன் தலை நிமிரவில்லை.

சில நாள் பிளாஸ்க் வரவில்லை. திரும்ப வந்தபோது கூடவே ஒரு கேள்வியும் வந்தது. "மாத்திரை ஏதாச்சும் சாப்புடறீங்களா சாமி?" ஆமாம் என்றால் மூடி திறக்காது.

அன்றோடு ஆபீஸே நோயாளி ஆகிவிட்டது. எனக்குப் பிரஷர் மாத்திரை, கணக்கருக்குத் தைராய்டு. முழு மூட்டையை ஒற்றைக் கையில் புரட்டும் லோடுமேன்கூட இதய மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார். அண்ணன் எல்லாவற்றையும் நம்பினார். இந்த வயசிலேயே இப்படியா என்று எங்களைப் பார்த்துக் கவலைப்பட்டார். ஓரமாக உட்கார்ந்து தனியாகவே குடித்துத் தீர்த்தார்.

பிறகு என் மனைவி கோமதிக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு காலையும் தட்டணு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருந்தது. போன் செய்தவர்கள் எல்லோரும் பப்பாளி இலைச்சாறு என்றார்கள். எனக்குச் செல்வத்தின் வியர்வைதான் நினைவுக்கு வந்தது. கீழே போய் வாட்ச்மேனிடம், பிளாஸ்க்கோடு யார் வந்தாலும் மேலே விடாதீர்கள் என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் எண்ணிக்கை இன்னும் இறங்கியது. பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கோமதி கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டாள். அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நினைக்கத் தொடங்கி, நினைக்க முடியாமல் நின்றேன். அப்போதுதான் வாட்ச்மேன் ஆள் அனுப்பினார்: பிளாஸ்க்கோடு ஒருத்தர் நிற்கிறாராம்.

படிகளில் தடதடவென்று இறங்கினேன். சண்டை போட அல்ல. வண்டி நிறுத்துமிடத்தில் நின்றிருந்த அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, பப்பாளி எலைச் சாறுதானே? குடுங்க. ஆனது ஆகட்டும், அவளுக்குக் குடுத்துரலாம்."

அவர் பிளாஸ்க்கைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க சாமி. டாக்டரைக் கேக்காம அம்மிணிக்கு நான் ஒரு சொட்டு குடுக்க மாட்டேன். செல்வத்தைப் பாத்த பயம் இன்னும் போகலீங்க."

"அப்புறம் இதுல என்ன?"

"இது உங்களுக்குங்க. நீங்க ஒண்ணும் சாப்புடாமக் கெடப்பீங்கன்னு கொண்டாந்தேன்."

மூடியைத் திருகினார். காபி வாசனை வந்தது.

பழக்கம் விடவில்லை. முதலில் தனக்கு அரை டம்ளர் ஊற்றினார். அதையே கொஞ்சநேரம் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார். நிலவேம்புக்கு நாங்கள் என்னென்ன கோணலெல்லாம் காட்டுவோமோ, அத்தனையும் அவர் முகத்தில் வந்து போயின. பிறகு என் டம்ளரை நிரப்பினார்.

"பயப்படாமக் குடிங்க சாமி. ஒண்ணும் பண்ணாது."

குடித்துக்கொண்டே அழுதேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் எண்ணிக்கை மெல்ல ஏறியது. கோமதி வீடு திரும்பினாள். நான் ஆபீசுக்குப் போன முதல் நாள் அண்ணன் வழக்கம்போல் கேட்டார். மாத்திரை எதுவும் இல்லை என்றேன். அப்போ பிரஷர் மாத்திரை என்னவாயிற்று என்றார். அப்படி ஒன்றை நான் சாப்பிட்டதே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று பார்த்தேன். "அப்ப உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களா? அது போதுமுங்க சாமி" என்று பெருமூச்சு விட்டார்.

அன்றைக்கு நிலவேம்பு. டம்ளரை நானே எடுத்து நீட்டினேன்.