மணி அடித்த சைக்கிள்

கவிதை எழுதுகிறவனை நம்பி யாரும் சைக்கிள் கொடுக்கக் கூடாது. என் மாமனார் கொடுத்தார். (பெண்ணையே கொடுத்தவர், சைக்கிளுக்கா மாட்டேன் என்பார்!)

எண்பதுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகி மூன்று வாரம். அதுவரை நான் எதைக் கேட்டாலும் என் மனைவி பவானி பேசியதெல்லாம் 'ஆமாம்' என்கிற ஒரே சொல்தான்.

"சாப்பிட்டிட்டீரோ?"

"ஓம்."

"வெக்கையாக் கிடக்கோ?"

"ஓம்."

"என்னைப் பிடிச்சிருக்கோ?"

வெக்கைக்குச் சொன்ன அதே ஓம்.

நான் உரும்பிராய்ச் செம்மண்ணில் வளர்ந்தவன். கடலைக் கவிதையில்தான் கடந்திருந்தேன். இருந்தாலும், தண்ணீரும் காற்றும் பனங்கூடலுமாகத் தீவுப்பக்கம் ஒருநாள் சுற்றிக் காட்டினால் இவள் வாய் திறப்பாள் என்று ஒரு நம்பிக்கை. வட்டுக்கோட்டையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாமாவிடம் சைக்கிளைக் கேட்டேன்.

"கவனம் தம்பி. மணி அடிக்காது. ஆக்கள் வந்தால் வாயாலை சொல்லுங்கோ" என்றார். மாமி, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்த பனையோலை உமலைக் கரியரில் கட்டிவிட்டார்.

காரைநகர்த் துறையில் 'பாதை' நின்றது. ஆளையும் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றி ஊர்காவற்றுறையில் இறக்கிவிடும் தட்டையான இரும்பு மிதவைக்கு அங்கே அதுதான் பெயர். அந்தச் சின்னப் பயணத்துக்கு நான் கொலம்பஸ் போல நின்றேன். சைக்கிளை மற்றச் சைக்கிள்களோடு சாய்த்துவிட்டு முன்விளிம்புக்குப் போய்க் கையை விரித்தேன்.

"பாரும் பவானி, கடல் எங்களுக்கு வழிவிடுது!"

"ஓம்."

"தம்பி, கயித்திலை நிக்கிறீர்" என்றார் பாதைக்காரர்.

கரை வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடித்தார்கள். ஒரு கறுப்புச் சைக்கிள், கரியரில் உமல். உருட்டிக்கொண்டு இறங்கினேன். பவானியை முன்பாரில் ஏற்றி, வேலணைப் பக்கம் மிதித்தேன். எதிரே ஒரு மாடு. பழக்கதோஷத்தில் மணியைத் தட்டினேன். கிணிங்!

"கேட்டீரோ? கடற்காற்றுப் பட்டதும் மணிக்கே உயிர் வந்திட்டுது!"

பவானி திரும்பி என்னை ஒரு கணம் பார்த்தாள்.

"ஓம்."

அந்தப் பார்வையைக் காதல் என்று எடுத்துக்கொண்டேன். மாட்டுக்கு அடித்தேன், கொக்குக்கு அடித்தேன், ஒருவரும் இல்லாத வெளிக்கும் அடித்தேன். வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து மினுங்கியது. அவள் கூந்தல் என் நாடியைத் தொட்டுக்கொண்டே வந்தது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? (ஆம், மத்தியானச் சாப்பாடு.)

பனை நிழலில் உட்கார்ந்து உமலை அவிழ்த்துக் கையை விட்டேன். புட்டு என் விரலைக் கடித்தது.

நான் போட்ட கூச்சலில் உமல் கவிழ்ந்தது. நண்டுகள்! உயிருள்ள நண்டுகள், பக்கவாட்டில், எட்டுத் திசைக்கும். ஒன்று விரலை விடாமல் என்னோடேயே துள்ளியது.

"உதறாதேங்கோ! கையை நிலத்திலை வையுங்கோ, அது தானா விடும்! ஐயோ, அந்தப் பெரிய நண்டாரை மறியுங்கோ, பத்தைக்குள்ளை போறார்!"

பவானிதான். மூன்று வாரத்துச் சொற்களும் ஒரே மூச்சில் வந்தன. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பனை மட்டையால் நண்டுகளை மறித்து மறித்து உமலுக்குள் தள்ளினாள். ஒன்றைத் தவிர எல்லாம் அகப்பட்டன.

"இது அப்பான்ரை சைக்கிள் இல்லை" என்றாள் மூச்சிரைக்க.

"உமக்கு எப்ப தெரியும்?"

"மணி அடிக்கேக்கையே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"உயிர் வந்திட்டுது எண்டு அவ்வளவு சந்தோசப்பட்டியள். எப்பிடிச் சொல்லுறது? திரும்பேக்கை மாத்துவம் எண்டு இருந்தன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நண்டு கடித்த விரல் எங்கே இருந்ததென்றே எனக்குத் தெரியவில்லை.

துறைக்குப் பறந்தோம். மாமாவின் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் சாவகாசமாகக் குந்தியிருந்தார்.

"வாங்கோ தம்பி. பாதைக்குத்தானே திரும்பி வரவேணும் எண்டு இருந்திட்டன். நண்டு இருக்கோ? மகள் பிள்ளைத்தாச்சி, ஆசைப்பட்டுக் கேட்டவள்."

"ஒண்டு தப்பிட்டுது ஐயா" என்றேன், தலையைக் குனிந்து.

"பறவாயில்லை. அது மருமோனுக்கு எண்டு கொண்டுவந்தது." உமலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்கடை புட்டை நான் சாப்பிட்டிட்டன். பசி. குழம்புக்குத்தான் உப்புக் கொஞ்சம் கூட."

"அம்மான்ரை கை எப்பவும் அப்பிடித்தான்" என்றாள் பவானி. பிறகு பாதையிலும், வட்டுக்கோட்டை வரைக்கும், அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். நான் "ஓம்" சொல்லிக்கொண்டே மிதித்தேன்.

அதன் பிறகு வந்த போர் ஆண்டுகளில் அந்தத் துறையைக் கடக்க முடியாமல் போனது. மாமாவும் சைக்கிளும் இப்போது இல்லை. பவானியின் பேச்சு மட்டும் நின்றதில்லை. ஆனாலும் சில வேளை புதிதாக எழுதிய கவிதையை நான் உணர்ச்சியோடு வாசித்து முடிக்க, அன்று மணி அடித்தபோது பார்த்ததுபோலவே அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "ஓம்" என்பாள்.

உடனே அடுத்த அறையிலிருந்து மகளின் குரல் வரும்:

"அப்பா, கிணிங்!"

நான் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.