பூஜையறையில் ஒரு பூரான்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் கால்களை எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் பூரான் அண்ணன்தான். மனிதர்களுக்கு முகம் எப்படியோ, பழைய கம்ப்யூட்டர் பிராசசர்களுக்குக் கால் அப்படி என்பார். விரல் நீளத்துக்கு, இரண்டு பக்கமும் வரிசையாகக் கம்பிக் கால்களை நீட்டிக்கொண்டு கிடக்கும் அந்தக் காலத்துச் சிப்புகளைப் பார்த்தால் நமக்குப் பூரான் ஞாபகம் வந்து, கை தானாகச் செருப்பைத் தேடும். அவருக்கோ சொந்தப் பிள்ளையைப் பார்த்ததுபோல் கண் கலங்கும். பெயர் அப்படி வந்ததுதான். அவருடைய உண்மையான பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்கூடாயில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அண்ணனுக்குப் பழைய கம்ப்யூட்டர்களை உடைத்து விற்கும் கடையில் வேலை. மேலே அச்சடித்த எழுத்து அழிந்துபோய், இன்னதென்று தெரியாத சிப்பு ஏதாவது வந்தால் கடை முதலாளியான தவ்க்கேயிடம் கேட்டு வாங்கி வந்துவிடுவார். பிறகு விசாரணை தொடங்கும். முதலில் மோந்து பார்ப்பார். அடுத்து கன்னத்தில் வைத்து, "செராமிக்கு. குளுகுளுன்னு இருக்கு," என்பார். முன்பல்லில் தட்டி ஓசை கேட்பார். கால்களை எண்ணுவார். கடைசியாகத்தான் சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்து, எந்தக் காலில் மின்சாரம் நுழைகிறது, எந்தக் காலில் வெளியேறுகிறது என்று தேடி, அதை வைத்து ஆளைப் பிடிப்பார்.

சிப்பைக் கண்டுபிடிக்க அந்தக் கடைசி வேலை ஒன்றே போதும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து, எலக்ட்ரானிக்ஸில் டிப்ளோமாவும் வாங்கியவன் என்ற முறையில் எனக்குப் பொறுக்கவில்லை. மோந்து பார்ப்பது எதற்கு என்று கேட்டேன்.

"அது மரியாதை, தம்பி. பொண்ணு வீட்டுக்குப் போனா, எடுத்ததும் சம்பளம் எவ்வளவுன்னா கேப்ப?"

எங்களோடு குமார் என்று ஒருவன் இருந்தான். தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையிலிருந்து வெறுங்காலோடு வந்தவன், கால்கள் மேலே பார்க்கக் கிடந்த ஒரு சிப்பை மிதித்துவிட்டான். அலமாக் என்ற அலறல் அடுத்த தாமான் குடியிருப்பு வரைக்கும் கேட்டது. அண்ணன் ஓடிவந்தார். குமாரின் பாதத்தைத் தூக்கிப் பிடித்தார். பாதத்தில் வரிசையாகப் பதிந்திருந்த புள்ளிகளை நிதானமாக எண்ணினார். "நாப்பது. எல்லாம் சரியா இருக்கு. ஒரு காலும் வளையல," என்று சொல்லிவிட்டு, சிப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதையாவது குமார் மன்னித்திருப்பான். சிங்கப்பூரில் ஒரு கடையில், பழைய பிராசசரைக் கண்ணாடிக்குள் பதித்த சாவிக்கொத்து ஒன்றை ஆசையாக வாங்கித் தன் காதலிக்குக் கொடுத்திருந்தான். அந்தப் பெண் அதைப் பெருமையாக அண்ணனிடம் காட்டினாள். அண்ணன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது பிராசசர் இல்லம்மா. கால்குலேட்டர்ல வர்ற சிப்பு. அதுவும் செத்துப் போனது."

அன்றிலிருந்து அந்தப் பெண் குமார் சொல்வதையெல்லாம் ஒரு முறை கூட்டிக் கழித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்ணே, சும்மா ஒரு பொய் சொன்னா என்னா லா?" என்று குமார் கிட்டத்தட்ட அழுதான்.

"சிப்பு விஷயத்துல பொய் சொன்னா வாய் வெந்துரும்டா."

இந்த வாயால்தான் அண்ணனுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. பாலோவில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனபோது, அங்கே கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்திருக்கிறது. டீ வருவதற்குள் அண்ணன் அதைக் கழற்றிவிட்டார். "உள்ள இருக்கிறது வெளிய எழுதியிருக்கிற சிப்பு இல்ல. யாரோ உங்கள நல்லா ஏமாத்திட்டான்," என்று அறிவித்தார். அதை விற்றவர் பெண்ணின் தாய்மாமா. பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

அதனால் சிகாமட்டில் ஒரு பெண் இருக்கிறது என்று தகவல் வந்தபோது, பொந்தியானிலிருந்து அண்ணனின் அக்கா நேரில் வந்து இறங்கினார். தம்பியை வளர்த்ததே அவர்தான். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் பெண் தேடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். மரியாதைக்குத் துணையாக ஒரு படித்த பிள்ளை வேண்டும் என்று என்னைக் காரில் ஏற்றினார்.

"தம்பி, நீ அவன் பக்கத்துலயே உக்காரு. சிப்பு கிப்புன்னு வாயத் தொறந்தான்னா கால ஓங்கி மிதி."

"நான் எதுக்குக்கா பேசப் போறேன்," என்றார் அண்ணன்.

"பாலோவுலயும் இதத்தான் சொன்ன."

சிகாமட்டில் எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. பெண்ணின் பெயர் தேவி. கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. அம்மா இல்லை, அப்பாவும் மகளும் மட்டும்தான். தேவி டீயும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் டீயை மறந்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார்.

அப்போதுதான் தேவியின் அப்பா எழுந்தார். "தம்பிக்கு சிப்பெல்லாம் நல்லாத் தெரியும்னு சொன்னாங்க," என்று பூஜையறைக்குள் போய், ஒரு பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

தட்டில் ஒரு சிப்பு. சாம்பல் நிறச் செராமிக் உடம்பு, நடுவில் தங்க மூடி, நாற்பது கால். சந்தனம் பூசி, மேலே குங்குமப் பொட்டு.

"நான் சிப்பு ஃபேக்டரியில இருந்தவன். எங்க லைன்ல மொதமொதல்ல வந்த பிராசசர் இது. லைன மூடுனப்ப மேனேஜர் என் கையில குடுத்தாரு. வெள்ளம் வந்தப்ப வீட்ல அரிசிய விட்டேன், டிவிய விட்டேன். இதத்தான் தலையில வச்சுத் தூக்கிட்டு ஓடுனேன்."

"என்னைய ரெண்டாவது டிரிப்புலதான் கூட்டிட்டுப் போனாரு," என்றாள் தேவி.

"பேச்சப் பாருங்க. இதுல பேரு, நம்பரு எல்லாம் இருந்துச்சு. சின்னப் புள்ளையில குத்துவிளக்கு தேய்க்கிறேன்னு புளியப் போட்டு இதையும் சேத்துத் தேய்ச்சுட்டா. எல்லாம் போச்சு."

"அப்பா, அதுல எழுத்தே இல்லன்னு எத்தன வருசமா சொல்றேன்."

"பாத்தீங்களா, இன்னும் ஒத்துக்க மாட்டேங்கிறா," என்று அப்பா எங்களிடம் முறையிட்டார். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் இப்படித்தான் முறையிடுவார் போலிருந்தது. தேவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் சிப்பைக் கையில் எடுத்தார். மோந்து பார்த்தார். கன்னத்தில் வைத்தார், சந்தனம் ஒட்டிக்கொண்டது. பல்லில் தட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து மீட்டர் வெளியே வந்தது.

உயிரோடிருக்கும் சிப்பில் எந்தக் காலைத் தொட்டாலும் மீட்டரில் ஏதாவது ஓர் எண் வரும். அண்ணன் முதல் காலைத் தொட்டார். எண் வரவில்லை. அடுத்தது. அதிலும் இல்லை. ஒவ்வொன்றாக எல்லாக் காலையும் தொட்டு முடித்தார். பக்கத்தில் இருந்த எனக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அது பிராசசரே இல்லை. மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஃபேக்டரிகளில் பயன்படுத்தும் வெறும் கூடு. உள்ளே ஒன்றும் கிடையாது. அதற்கு யாரும் பெயர் அச்சடிக்க மாட்டார்கள்.

ஆக, தேவி சொன்னதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொன்னால், அந்த மனிதர் வெள்ளத்தில் தலைமேல் சுமந்து காப்பாற்றியது வெறும் கூடு என்றாகிவிடும். சொல்லாவிட்டால் தேவிதான் காலம் பூராவும் பொய்க்காரி.

நான் அண்ணனின் காலை மிதித்தேன். அவர் அசையவில்லை.

"சொல்லுங்க தம்பி. என்னா பிராசசர்?"

அண்ணன் மீட்டரைப் பார்த்தார். சிப்பைப் பார்த்தார். தேவியை இரண்டாவது முறையாக நிமிர்ந்து பார்த்தார். மீட்டரை அணைத்துப் பையில் போட்டார்.

"உங்க பொண்ணு எதையும் அழிக்கல, அங்கிள். இதுல பேரு இருந்ததே இல்ல."

தேவியின் அப்பாவுடைய முகம் வாடிப்போனது. அக்கா, "முருகா," என்றார். நான் இன்னொரு முறை மிதிக்கக் காலைத் தூக்கினேன்.

"ஒரு லைன்ல மொதமொதல்ல வர்றதுக்குப் பேரு போட மாட்டாங்க, அங்கிள். எல்லாம் சரியா வருதான்னு பாத்துட்டு, அடுத்ததுலருந்துதான் பேரு, நம்பரு எல்லாம். பேரு இருந்தா அது ரெண்டாவது. இதுல இல்ல. அப்ப இதுதான் மொதல்."

தூக்கிய கால் அப்படியே நின்றது. ஓர் எழுத்துகூட இல்லாத சிப்பை வைத்தே, அப்பாவையும் மகளையும் ஒரே வீச்சில் கரை சேர்த்துவிட்டார்.

தேவியின் அப்பா சிப்பை வாங்கித் தட்டில் வைத்தார். பிறகு மகளிடம் திரும்பினார். "அப்ப நீ தேய்க்கலயா?"

"தேய்ச்சேம்பா. குத்துவிளக்க."

அவர் வடைத் தட்டை மகள் பக்கம் நகர்த்தினார். "சரி, நீயும் வந்து உக்காரு. ஒரு வடை சாப்பிடு." அந்த வீட்டில் மன்னிப்பு அப்படித்தான் கேட்கப்பட்டது. தேவி ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய், கொதிக்கக் கொதிக்க வேறு டீ கொண்டுவந்து அண்ணனுக்கு நேரே நீட்டினாள். அண்ணன் அவளைப் பார்த்துக்கொண்டே ஒரே மடக்காகக் குடித்தார்.

திரும்பி வரும்போது காரின் இரண்டு பக்கமும் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் நாக்கை உள்ளங்கையால் விசிறிக்கொண்டு வந்தார். கன்னத்தில் சந்தனம் அப்படியே இருந்தது.

"வாய் வெந்துருச்சாண்ணே?"

"கொஞ்சம்," என்றார்.

இப்போது அண்ணனும் தேவியும் சிகாமட்டில் அவள் அப்பாவோடேயே இருக்கிறார்கள். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அத்தனை சிப்புக்கும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார். பூஜையறையில் இருப்பதற்கு மட்டும் பெயர் இல்லை, பொட்டுதான். நான் அதைக் குனிந்து பார்க்கப் போனால், "தம்பி, தள்ளி நில்லு. அது மாமனார்," என்பார்.

உள்ளே ஒன்றுமில்லை என்று நன்றாகத் தெரிந்த டிப்ளோமாக்காரன் நான். போகும்போதெல்லாம் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன்.