தலைகீழாகத் தெரிந்தால் லீவு

உலக மருத்துவம் நெடுங்காலமாகச் செய்துவந்த பெருந்தவறு, நோயாளியை நேரில் பார்த்தது. அதை 1931இல் திருத்திய பெருமை, மலாயாவில் காஹாங் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தையே சேரும். கணக்கெழுதும் சின்னக் கிராணியாக அங்கே உட்கார்ந்து அந்த முன்னேற்றத்தை எழுதிவைக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. அது உடைந்த நாளிலிருந்து எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. ஆனாலும் சிலர் பிடிவாதமாக நடுங்கினார்கள். அவர்களுக்காகவே, மருந்து கொடுக்கும் டிரசர் வைத்தியலிங்கம், தாம் சவரம் செய்யும் குழிக்கண்ணாடியை 'நோய் அறியும் கருவி'யாக நியமித்தார். கிட்டே போய்ப் பார்த்தால் எலும்புக்கூட்டுக்கும் அதில் கன்னம் பூரித்துத் தெரியும்.

மரத்தில் பால் வெட்டும் காளியம்மா காய்ச்சலோடு வந்து மூன்று நாள் லீவு கேட்டாள்.

"கிட்ட வந்து முகத்தைப் பார், பிள்ளை. பூசணிக்காய் போல இருக்கு. உனக்கென்ன வருத்தம்?" என்றார் டிரசர்.

"கிட்ட வர முடியலைங்க ஐயா, காலு நிக்கல." அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க பாருங்க, கண்ணாடியில நான் தலைகீழா நிக்கிறேன்."

டிரசர் அவள் பக்கத்தில் வந்து பார்த்தார். அவரும் தலைகீழாக நின்றார். கண்ணாடியில் மூக்கை ஒட்டியே சவரம் செய்து பழகியவர். இப்படியொரு காட்சியைக் கண்டதில்லை. வியர்க்க வியர்க்க உட்கார்ந்து விதி எழுதினார்: 'நேராகத் தெரிந்தால் ஆரோக்கியம். தலைகீழாகத் தெரிந்தால் நோய். இடையில் முகம் கலங்கித் தெரிந்தால் விஷயம் பரிசீலனையில்.'

"நாளைக்கு வா. துரையிட்டக் கேட்டுச் சொல்லுறன்," என்று காளியம்மாவை அனுப்பிவைத்தார்.

விதி இரவோடிரவாகத் தோட்டம் முழுவதும் பரவிவிட்டது. மறுநாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு யாரும் வரவில்லை. அறுபத்து மூன்று பேரும் ஆஸ்பத்திரியில், கண்ணாடிக்கு நாலு முழம் தள்ளி, ஒருவர் பின் ஒருவராக நின்று அதில் தலைகீழாகப் புரண்டார்கள். 'பெரட்டு' என்ற சொல்லுக்கு அன்றுதான் எனக்குப் பொருள் விளங்கியது.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடி வந்தார். "என்னா இது? மரம் எல்லாம் சும்மா நிக்குது," என்றவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டார். அதில் தொப்பி கீழே இருந்தது, மீசை மேலே இருந்தது.

"விதிப்படி உங்களுக்கும் லீவுதான், துரை," என்றார் டிரசர், மிகுந்த மரியாதையோடு.

அன்று மாலையே குளுவாங் ஊர்ச் சீனர் கடையிலிருந்து புடைத்த கண்ணாடி ஒன்று வந்து சேர்ந்தது. பேய் விரட்ட வாசலில் மாட்டுவது. அருமையான பொருள். கிட்டே நின்றாலும் எட்டி நின்றாலும் ஆள் நேராகவே தெரிவார். அளவில்தான் கொஞ்சம் சிறுத்துப்போவார். விதிப்படி தோட்டம் முழுவதும் ஆரோக்கியம் அடைந்தது.

காளியம்மாவை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து அதன் முன் நிறுத்தினார்கள். அவள் முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தாள்.

"எங்க நின்னாலும் நான் எறும்பாட்டம்தான் தெரியறேன். இதுக்கு எதுக்குங்க புதுசா ஒரு கண்ணாடி? துரை கண்ணே இருக்குதே," என்றாள்.

இந்த மரியாதைக் குறைவை, அவள் சொன்ன சொல் மாறாமல், நான் உடனே புகாராக எழுதினேன். துரைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வழக்கப்படி, 'மேற்கண்டது உண்மை' என்பதன் கீழே கையெழுத்துப் போட்டார். மரியாதைக் குறைவு என்று நான் வாயால் சொன்னதைக் கேட்டு, காளியம்மா மூன்று நாள் வேலைக்கு வரக் கூடாது என்று தண்டனை விதித்தார்.

எங்கள் தோட்டத்தின் பெருந்தன்மையை இதற்கு மேல் எப்படிச் சொல்வது? உடம்பு கொதித்ததற்குக் கொடுக்காத மூன்று நாளை, வாய் உண்மை பேசியதற்குக் கொடுத்துவிட்டோம்.