சிக்னல் சாரும் கோயில் மணியும்

உலகத்தில் எத்தனையோ வாத்தியார்கள் இருக்கலாம். கையைக் கட்டிப்போட்டால் ஊமையாகிவிடுகிற வாத்தியார் எங்கள் சிக்னல் சார் ஒருவர்தான்.

திருவொற்றியூரில், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. சாருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஆசிரியர் பயிற்சி முடித்தவர். பள்ளிக்கூட வேலை கிடைக்கவில்லை. இரும்பு யார்டில் கிரேனுக்குச் சிக்னல் கொடுக்கிற வேலை கிடைத்தது. அங்கே இருக்கிற சத்தத்தில் கத்தினால் கிரேன்காரருக்குக் கேட்காது. இவர் விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் இரும்பு ஏறும். உள்ளங்கையைக் கவிழ்த்து அழுத்தினால் இறங்கித் தரையில் உட்காரும். பகலெல்லாம் அது. சாயந்திரம் மொட்டை மாடியில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன்.

என் பெண் செல்வியை அங்கே சேர்த்தது வேறு வழியில்லாமல்தான். அப்போது இரண்டாவது படித்தாள். ஒருநாள் வகுப்பில், "நான் சாப்டுகினு கீறேன் மிஸ்" என்றாளாம். "'சாப்பிடுகிறேன்'னு சொல்லு" என்று டீச்சர் திருத்த, பிள்ளைகளெல்லாம் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு மூடிய வாய். வீட்டில் எங்களோடு பேசுவாள்; வெளி ஆள் முன்னால் ஒரு சொல் வராது. "டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று டீச்சரே சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், வீடு வந்து சேர்ந்தால்தான் வந்தார் என்று சொல்ல முடியும். நான் ஒருத்தி எத்தனையைத்தான் பார்ப்பேன்? வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றினேன். அம்மன் மொட்டை மாடியைக் காட்டினாள்.

அங்கே பார்த்தால் சார் தொண்டை கிழியக் கத்துகிறார். பக்கத்து யார்டில் கேஸ் கட்டரில் இரும்பு அறுக்கிறார்கள். ஒரு எழுத்து கேட்கவில்லை. கடைசியில் மனிதர் யார்டுப் புத்தியில் கையைத் தூக்கிவிட்டார்.

"லோடு இன்னும் தொங்கிகினு கீதா? அப்போ 'கிறது'!" விரலைச் சுழற்றினார். "தரையத் தொட்டுச்சா? வேலை முடிஞ்சிது!" உள்ளங்கையை அழுத்தினார். "வருகிறான்... வந்தான். குளிக்கிறேன்... குளித்தேன்."

அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. தெருப் பிள்ளைகள் அத்தனையும் கையில்லாமல் வாய் திறப்பதில்லை. "தண்ணி பிடிச்சியாடி?" என்றால், "பிடித்தேன்" என்று செல்வி அழுத்திய கை மாவுப் பாத்திரத்தில் போய் விழும். முழங்கை வரை தோசை மாவு. கழுவுகிறவள் யார்? நான்தான்.

ஒருநாள் லாரி ஒன்று தெருவுக்குள் பின்பக்கமாக வந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று விரலைச் சுழற்றி, "வருகிறது! வருகிறது!" என்றார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். கூப்பிடுகிறார்கள் என்று வந்துகொண்டே இருந்தார், எங்கள் துளசித் தொட்டி மண்ணாகிற வரைக்கும்.

"இன்னாம்மா, பசங்க வான்னுச்சி, வந்தேன்!" என்று அவர் என்னிடமே சண்டைக்கு நின்றார். அப்போது செல்வி முன்னே வந்தாள். அந்த அந்நிய ஆளின் முகத்தைப் பார்த்து, உள்ளங்கையை அழுத்தி, கணீரென்று சொன்னாள்: "லாரி வந்தது. தொட்டி உடைந்தது."

நான் துளசிக்கு அழுவதா, பெண்ணுக்குச் சிரிப்பதா? இரண்டையும் செய்தேன். டிரைவர் பயந்துபோய் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வகுப்பிலும் கையோடு சேர்ந்து வாய் திறந்தது. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆடி மாசம் வரைக்கும். எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு மார்க்கெட்காரர்கள் பெரிய வெண்கல மணி செய்து கொடுத்தார்கள். அதை மேலே ஏற்றக் கிரேன் வந்தது. சிக்னலுக்கு நம் சார். அவர் விரல் சுழல, மணி ஏறியது. பின்னால் டியூஷன் பிள்ளைகள், "ஏறுகிறது! ஏறுகிறது!" என்று பஜனை பாடின. மணிக்கு நேர் கீழே, யாரோ புத்திசாலி கொண்டுவந்து வைத்த சர்க்கரைப் பொங்கல் அண்டா.

விழாக் கமிட்டித் தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்தார். பிள்ளைகளைப் பார்த்து ஆசையாக, "இன்னா பசங்களா, சாப்டீங்களா?" என்றார்.

"சாப்ட்டோம் தலீவரே!" என்றன பிள்ளைகள்.

சாரால் தாங்க முடியவில்லை. கிரேனை மறந்தார், மணியை மறந்தார். திரும்பி நின்று, "சாப்-பிட்-டோம்!" என்று திருத்தி, உள்ளங்கையை நன்றாக அழுத்திக் காட்டினார்.

கிரேன்காரர் சொன்ன பேச்சுக் கேட்கிறவர். மணி இறங்கி, அண்டாவுக்குள் பதமாக உட்கார்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். அம்மன் புண்ணியத்தில் ஒருவருக்கும் அடியில்லை. தலைவர் சட்டையில் மட்டும் முந்திரிப் பருப்போடு பொங்கல்.

"பேஜாரா போச்சு! இனிமே கைய ஆட்டினா டியூஷனே கெடையாது, ஆமா!" என்று சாரைப் பார்த்துக் கத்தினார் தலைவர்.

மறுநாள் மாடிக்குப் போனேன். சார் தன் கைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தார். எதிரே பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு. "வரு... வரு..." என்று சார் தோளை மட்டும் குலுக்கினார். மேலே ஓடவில்லை. செல்வி உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். அந்த வாரம் பள்ளிக்கூடத்திலும் அதே மூடிய வாய். மறுபடி முதலிலிருந்து எலுமிச்சை விளக்கா?

வெள்ளிக்கிழமை தீபாராதனை முடிந்ததும் தலைவரை நிறுத்தினேன்.

"தலீவரே, அம்மனப் பாருங்க. ஒரு கை மேல, ஒரு கை கீழ. எத்தினி காலமா காட்டிகினு கீறா! அவ கைய யாராச்சும் கட்டினாங்களா?"

"இன்னாம்மா பேசற? அவ இன்னா அண்டாவுல மணியவா எறக்குனா?"

"நம்ம பாரத்தல்லாம் வேற யாரு எறக்குறது? சார் கையக் கட்டி எம் பொண்ணு வாயக் கட்டிட்டீங்களே. அத்த மட்டும் அவிழ்த்து வுடுங்க, போதும்."

தலைவர் அம்மனைப் பார்த்தார், என் இடுப்பில் தலை சாய்த்து நின்ற செல்வியைப் பார்த்தார், சட்டையைத் தடவிக்கொண்டார். "கிரேன் வேலை நடக்கற எடத்துல மட்டும் டியூஷன் வாணாம்னு சொல்லு" என்றார்.

நான் நேரே மாடியேறி, "சார், கைய எடுங்க" என்றேன். எடுத்தார். மரத்துப்போயிருந்தது. உதறிவிட்டு, செல்வியைப் பார்த்து மெதுவாக விரலைச் சுழற்றினார். அவள் விரலும் சுழன்றது. "வருகிறேன்" என்றாள்.

செல்வி இப்போது ஐந்தாவது. காலை வழிபாட்டில் மைக் பிடித்துப் பேசுகிறாள். மைக் பிடிக்காத கை மட்டும் பாவாடை மறைவில் சுழன்றுகொண்டிருக்கும். துளசித் தொட்டி புதிதாக வாங்கியாயிற்று. தோசை மாவை உயரத்தில் வைக்கப் பழகிவிட்டேன்.

மார்க்கெட் ரோட்டில் சார் எதிரே வந்தால் நான் இரண்டு கையையும் கூப்புகிறேன். மனிதர் சட்டென்று நின்று, தலைக்கு மேலே என்ன லோடு தொங்குகிறது என்று அண்ணாந்து பார்க்கிறார்.

"ஒண்ணுமில்ல சார். உங்களுக்குத்தான்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது.