ஆறாயிரத்தடி உயரத்து இரத்தம்

கல்முனையில் பிறந்து, கல்முனையில் உண்டு, கல்முனையில் உறங்கி, ஆனால் ஒரு நாள்கூடக் கல்முனையில் வாழாத மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் அவர். உடம்பு எங்களோடு கடற்கரையில் இருந்தது. இரத்தமும் குடலும் ஆறாயிரம் அடி உயரத்தில், நுவரெலியாவில் இருந்தன. இதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார், நாளொன்றுக்குச் சராசரி நான்கு தடவை. ஒரு மாதம் முழுவதும் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. வரவுப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது வழங்கவில்லை. முதுகுக்குப் பின்னால் 'ஆறாயிரத்தடி', முகத்துக்கு முன்னால் 'காக்கா', எங்கள் பேச்சில் அண்ணன். அவ்வளவுதான்.

மலைநாட்டில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டு, சூறாவளி அடித்த வருடத்துக்கு அடுத்த வருடம் மாற்றம் எடுத்துக்கொண்டு வந்தார். கொளுத்தும் வெயிலில் கம்பளிச் சுவெற்றரோடு கந்தோருக்குள் நுழைந்தவர், ஸலாம் சொன்ன கையோடு என்னிடம் கேட்டார்:

"தம்பி, நீங்க இரிக்கிற இந்தக் கதிர கடல் மட்டத்திலிருந்து எத்தின அடி?"

"தெரியா காக்கா."

"தெரியாமலா இவ்வளவு காலமும் இதுல குந்திக்கிட்டு இரிக்கீங்க?"

அன்று பகல் தேநீர் வேளைக்குள் முழுத் தத்துவமும் வெளியே வந்துவிட்டது.

"மேல காத்து மெல்லிசு. அதுல உசிர் நிக்கணுமெண்டா உடம்பு ரத்தத்தக் கூட்டும். அங்க என்ட ரத்தத்தப் பாத்த டொக்டரே அசந்து போனார். கறுத்தச் சிவப்பு, தேன் மாதிரி. ஒங்கட ரத்தம் என்ன? கடல் தண்ணியில ரெண்டு சொட்டு சாயம்."

"அப்ப வயிறு?" என்று பியோன் வாயைக் கொடுத்தார்.

"வயித்துக்குள்ள ஒரு ஊரே இரிக்கி. கண்ணுக்குத் தெரியாத குடிசனம். ஆள் மலைக்குப் போனா அந்தக் குடிசனமும் மாறும். குளிருக்குத் தக்க ஆக்கள் வந்து குடியேறுவாங்க. என்ட வயித்துல இரிக்கிறதெல்லாம் நுவரெலியா ஆக்கள்."

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உயரத்தில் வாழ்பவர்களுக்கு இரத்தத்தின் செறிவு கூடும் என்பது உண்மை. குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கூட்டமும் மாறும் என்று இப்போது படித்தவர்களே எழுதுகிறார்கள். ஆகவே மனிதர் பாதி சரி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மற்றப் பாதியை எங்கள் தலையில் கட்டியதுதான் அவர் செய்த அநியாயம்.

"கீழ இறங்கி வந்தா எல்லாம் போயிடாதா காக்கா?" என்று நான் கேட்டேன்.

"அதுக்குத்தான் உயரத்த விடப்படாது."

கல்முனையில் உயரத்துக்கு எங்கே போவது? தென்னைதான் உயரம். ஆனால் அவர் செய்த தொழிலை நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் வயல் நிலம் பாய் விரித்தது போல் தட்டை. வாய்க்காலின் மட்டம் மூன்று இஞ்சி, அதாவது மூன்று அங்குலம், பிசகினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. அந்த மூன்று இஞ்சிக்காக மண்வெட்டி தூக்கிய ஊர்கள் உண்டு. ஆயுள் முழுக்க இஞ்சியோடு மாரடித்த மனிதருக்கு, ஒவ்வோர் இஞ்சியும் பெரிதாகத்தான் தெரியும்.

"வாய்க்காலுக்கு மூணு இஞ்சி காணுமெண்டா, ரத்தத்துக்கு முப்பது இஞ்சி காணாதா?"

பிறந்த வீடு பள்ளம் என்று விட்டுவிட்டு வாடகைக்கு அறை தேடியபோது, மட்டம் பார்க்கும் கருவியையும் மட்டக்கோலையும் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக வாசற்படிகளை அளந்தார். கடைசியில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடி அறையைப் பிடித்தார். கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு செங்கல். படுக்க வேண்டுமானால் முக்காலி போட்டு ஏற வேண்டும். "படுத்தா இருபத்திரண்டடி மூணு இஞ்சி" என்று பெருமைப்பட்டார். நான் அளந்து பார்த்தேன். இருபத்திரண்டடி இரண்டு இஞ்சிதான்.

மாடிப்படி பதினான்கு. ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்குவார். முகம் வெளிறிப்போய், உதடு சாம்பல் நிறத்தில் இருக்கும்.

"என்ன காக்கா, ஏலாதா?"

"இங்க காத்து தடிப்பு தம்பி. மலைச் சுவாசத்துக்கு ஒத்து வராது."

முகம் வெளிறியதற்கும் விளக்கம் இருந்தது. அது குளிர்நாட்டு நிறமாம்.

இந்த மனிதரை நான் ஏன் சகித்தேன் என்று கேட்பீர்கள். காரணம் இரத்தம்தான். அவர் வந்து மூன்று வருடம் கழிந்து, என் மனைவிக்கு முதல் பிள்ளை ஐந்து மாதமாக இருந்தபோது இரத்தம் சோதித்தார்கள். ஓ நெகட்டிவ். "இந்த இனம் லேசில் கிடைக்காது. பிள்ளைப்பேறு சிக்கலானால் ஒரு போத்தல் உடனே வேண்டிவரும். கொடுக்க ஓர் ஆளைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் வைத்தியர். எனக்கும் பொருந்தவில்லை, இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் ஒருவருக்கும் பொருந்தவில்லை. மறுநாள் கந்தோரில் இதைச் சொன்னபோது ஆறாயிரத்தடி சுவெற்றருக்குள் கைவிட்டு ஒரு பழைய அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஓ நெகட்டிவ்.

"யோசிக்காதீங்க தம்பி. ஒங்கட புள்ள நுவரெலியா ரத்தத்துல தப்பும்."

அன்றிலிருந்து நான்கு மாதம் அவரைக் கறவை மாடு போலப் பேணினேன். சைக்கிளில் போனால் வெயில் படுமா, மழையில் போனால் சளி பிடிக்குமா என்று கவலைப்பட்டேன். வீட்டுக்குப் போனதும் மனைவியின் முதல் கேள்வி, "ஒங்கட காக்கா ஒழுங்காத் திண்டாரா?"

ஒழுங்காகத் தின்ன மாட்டார் என்பதுதான் பிரச்சினை. எருமைத் தயிர் தொட மாட்டார். அதில் இருக்கும் கீழ்நாட்டுப் பூச்சிகள் உள்ளே போய் நுவரெலியா ஆட்களோடு சண்டை பிடிக்குமாம். சாய்ந்தமருதில் ஒரு கலியாணத்துக்குப் போனோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். ஆறாயிரத்தடி 'பிஸ்மி' சொன்னார். பிறகு சோற்றை அள்ளி, தன் பங்கைச் சுற்றி அச்சொட்டாக வயல் வரம்பு கட்டினார்.

"இதென்ன வேல?" என்றார் எதிரே இருந்த பெண்வீட்டு ஹாஜியார்.

"ஹாஜியார் கோவிக்கப்படாது. ஒங்கட கையில இரிக்கிற பூச்சி எனக்குப் பழக்கமில்ல."

ஹாஜியார் குழம்பு தளும்பிய இறைச்சி ஆணத்துக் கோப்பையை எடுத்து வரம்புக்கு மேற்புறமாகச் சாவதானமாகச் சரித்தார். வரம்பு இரண்டு இடத்தில் உடைந்தது. "தண்ணி பாயுது ஓவசியர், மடைய அடைங்க!" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. ஆறாயிரத்தடி மூன்று நாள் வயிற்றில் கைவைத்துக்கொண்டு உள்ளே நடக்கும் போரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வருடத்துக்கு ஒரு தடவை சுகாதாரப் பகுதியினர் கந்தோருக்கு வந்து பூச்சிக் குளிசை கொடுப்பார்கள். நாங்கள் விழுங்குவோம். அவர் நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்து, வேலியோரம் போய்த் துப்புவார். "ஒரு குளிசையில ஒரு ஊரே மௌத்தாப் போயிடும் தம்பி. பாவமில்லையா?"

மனைவியை ஆசுபத்திரியில் சேர்த்த மறுநாள் காலை எட்டரைக்குப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றார்கள். சத்திரசிகிச்சை பகல் பன்னிரண்டுக்கு. அதற்குள் ஒரு போத்தல் இரத்தம் தயாராக இருக்க வேண்டும். நான் ஓடினேன். ஆறாயிரத்தடி குளித்து, அத்தர் பூசி, சுவெற்றர் போட்டு, மாப்பிள்ளை போல வந்தார்.

இரத்தம் எடுக்கும் இடத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் நீல நிறத் திரவம் வைத்திருந்தார்கள். விரலில் குத்தி ஒரு துளியை அதில் விடுவார்கள். துளி அடிக்குப் போனால் இரத்தம் பலமானது. மேலே நின்றால் பலமில்லை. ஆறாயிரத்தடியின் துளி விழுந்தது. நின்றது. மிதந்தது.

"காக்கா, ஒங்கட ரத்தம் இறங்குதில்லையே" என்றார் அந்த உத்தியோகத்தர்.

"மலை ரத்தம்தானே. மேல நிண்டு பழகிட்டு."

இரண்டாவது துளியும் மிதந்தது. உத்தியோகத்தர் ஆறாயிரத்தடியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "இதுல இரிக்கிறதே ஒங்களுக்குக் காணாது." என் பக்கம் திரும்பினார். "இவருக்கு ரத்தம் ஏத்தணும், இவரிட்ட எடுக்கிற எப்படி?"

மணி ஒன்பது ஐம்பது. விறாந்தை வாங்கில் நாங்கள் இருவரும் அமர்ந்தோம். அவர் சுவெற்றரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அது இல்லாமல் நான் அவரைக் கண்டதே இல்லை. சட்டைக்குள் தோள் எலும்பு இரண்டும் தெரிந்தன.

"தம்பி, இன்னொராள் இரிக்கி" என்றார் தரையைப் பார்த்தபடி. "காரைதீவு வட்டவிதானையார்."

வட்டவிதானையார் என்பவர் வயற்கண்டத்துக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளர். கந்தோருக்கு மாதம் இரண்டு தடவை வந்து போகிறவர்.

"அவருக்கும் இதே இனம். போன வருசம் அவரே சொன்னார். நான் ஆக்களுக்கு முன்னால சிரிச்சன். எழுத்து ஒண்டுதான், சரக்கு உப்புத்தண்ணி எண்டன்."

"நாலு மாசமா ஏன் சொல்லல்ல?" நான் கத்திவிட்டேன். தாதி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னா, பொறகு நான் எதுக்கு?"

அந்த இடத்தில் நான் அவரை அடித்திருக்க வேண்டும். நேரமில்லை. சைக்கிள்களை எடுத்தோம்.

காரைதீவு வயலில் நெல்வெட்டு நடந்துகொண்டிருந்தது. வட்டவிதானையார் கதிர் அரிந்த தாக்கத்தியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஓவசியர் ஐயா, இந்தப் பள்ளத்துக்கெல்லாம் இறங்கிட்டீங்க?"

"விதானையார், ஒங்கட ரத்தம் வேணும்."

"என்ட ரத்தமா? அது உப்புத்தண்ணியெல்லோ!" வெட்டுக்காரர் பத்துப் பேரும் நிமிர்ந்து சிரித்தார்கள்.

ஆறாயிரத்தடி வரம்பிலிருந்து சேற்றுக்குள் இறங்கினார். அந்தப் பத்துப் பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சொன்ன நான்தான். பொய். என்ட ரத்தத்த இப்பதான் பாத்தாங்க, மிதக்குது. இந்தத் தம்பிட பொஞ்சாதி மேசையில கிடக்கா. காலப் புடிக்கணுமெண்டா புடிக்கிறன்."

சிரிப்பு நின்றது.

"காலெல்லாம் வேணாம், சேறு" என்றார் வட்டவிதானையார். தாக்கத்தியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். "ஆர் சைக்கிள் மிதிக்கிற?"

ஆறாயிரத்தடிதான் மிதிப்பேன் என்று அடம்பிடித்தார். கால் மைலில் சைக்கிள் ஆடத் தொடங்கியது. பிறகு இரத்தம் கொடுக்க வந்தவர் மிதிக்க, இரத்தம் கொடுக்க முடியாதவர் பின்னால் குந்தியிருக்க, நான் பக்கத்தில் உழக்க, ஆசுபத்திரிக்கு வந்து சேர்ந்தோம். மணி பதினொன்று ஐந்து.

வட்டவிதானையாரின் துளி கல் போட்டது போல அடிக்குப் போனது.

பன்னிரண்டு நாற்பதுக்கு மகள் பிறந்தாள். அந்தப் போத்தல் முழுவதும் என் மனைவிக்கு ஏறியது. இல்லாவிட்டால் என்ன என்பதை வைத்தியர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே கிழமை வைத்தியர் ஆறாயிரத்தடியையும் சோதித்தார். மலையில் ஊறிய இரத்தம் கீழே வந்து நான்கு மாதத்துக்குள் புதிதாகிவிடுமாம். வயிற்றில் இருப்பது நுவரெலியா ஆட்களும் இல்லை. வெறுங்காலோடு இந்த மண்ணில் திரிந்து பிடித்த, இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு. மூன்று வருடமாக அவர் துப்பிய குளிசைகளின் தயவில் அவை பேரன் பேத்தி கண்டிருந்தன. இம்முறை என் முன்னாலேயே விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார்.

அதோடு மலைக்கதை நின்றது. கட்டிலுக்குக் கீழிருந்த செங்கற்களை இரும்புக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். பியோன், "காக்கா, இண்டைக்கு மிதக்கிறீங்களா, தாழுறீங்களா?" என்று தினமும் கேட்டார். அவர் மட்டக்கோலைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார். மூச்சு வாங்காமல் படி ஏறினார், தயிர் தின்றார், முகத்தில் நிறம் வந்தது. கந்தோரில் அவரைப் போல் சலிப்பான மனிதர் வேறொருவரும் இல்லை என்று ஆனார்.

நாற்பதாம் நாள் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, தொட்டிலைப் பார்க்கவும் கூச்சம். கால்மணி நேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். என் மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"காக்கா, நுவரெலியாவுல இந்தக் காலம் நல்ல குளிரெண்டு சொல்றாங்க, உண்மையா?"

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கேலி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். பிறகு கதிரையில் நன்றாகச் சாய்ந்து, தொண்டையைச் செருமினார்.

ஒன்றேகால் மணித்தியாலம் பேசினார். பிழைகள் எக்கச்சக்கம். நான் ஒன்றையும் திருத்தவில்லை. எழுந்து போகும்போது, அடுத்த வெள்ளிக்கிழமையும் வரச் சொன்னேன்.